பரளச்சிக் கரிசலில் படம் பிடிக்க என்ன இருக்கிறது?



பரளச்சிப் பக்கம் காமிராவும் கையுமாக ஒருவர் நடந்தால், "இந்த வெட்டவெளியில என்னத்த இருக்குன்னு படம் பிடிக்க வந்தீக?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. காட்டு விலங்குப் படம் என்றால் முதுமலை யானை, பாலைவனப் படம் என்றால் ஜெய்சல்மார் ஒட்டகம் என்று காலண்டர்கள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. கரிசலும் உடைமரமும் பனையும் படமாகுமா என்று தோன்றுவது இயற்கைதான். ஆனால் காமிரா நம் நாட்டின் வறண்ட நிலத்தை எப்படிப் பார்த்தது என்ற வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், இந்தக் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

நம் வட்டாரத்துக்குக் காமிரா வந்து 160 வருஷத்துக்கு மேல் ஆகிறது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்தார். பெரிய காமிரா, மெழுகு பூசிய காகித நெகட்டிவ்கள், மருந்துப் புட்டிகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு செய்த பயணம் அது. நம் வெயிலுக்கு மெழுகுக் காகிதம்தான் தாக்குப்பிடித்தது. மீனாட்சி கோயில், நாயக்கர் மகால், யானைமலை எல்லாம் அவர் படங்களில் இருக்கின்றன. ஓடுகிற மிருகமும் பறக்கிற பறவையும் இல்லை. ஒரு படத்துக்கு நெடுநேரம் ஒளி விழ வேண்டும். அதுவரை எந்த மிருகம் அசையாமல் நிற்கும்? செலவு அதிகம் என்று 1860 வாக்கில் அந்த வேலையையும் அரசாங்கம் நிறுத்திவிட்டது.

மிருகங்களைப் பிடிக்கும் வித்தை பின்னால்தான் வந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் இரவில் மின்னல் வெளிச்சம் போட்டு எடுத்த மான் படங்கள் 1906இல் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழில் வந்தன. நம் நாட்டில் வனத்துறை அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன், இமயமலை அடிவாரக் காட்டில் புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, புலியே மிதித்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். அவருடைய புத்தகம் 1927இல் வெளிவந்தது. துப்பாக்கிக்குப் பதில் காமிரா என்ற எண்ணம் பரவியது. ஆனால் எல்லோரும் தேடிப் போனது அடர்ந்த காட்டைத்தான். புல்வெளியும் முள்காடும் கவனிப்பாரின்றிக் கிடந்தன.

அதன் விளைவை ஒரு படம் சொல்லும். இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்தின் மகாராஜா, 1947இல் ஒரே இரவில் சுட்ட 3 சிவிங்கிப்புலிகளின் படம் அது. வெட்டவெளியில் மானைத் துரத்திப் பிடிக்கும் மிருகம் சிவிங்கிப்புலி. இந்தியாவில் அது இருந்ததற்குக் கடைசிச் சான்றாக எல்லோரும் காட்டுவது அந்தப் பிணங்களின் படத்தைத்தான். 1952இல் அது நம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிப்புலிகளை விமானத்தில் கொண்டுவந்து குனோவில் விட வேண்டியதாயிற்று.

கானமயில் கதையும் இதற்குத் தம்பிதான். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை. அதையே தேசியப் பறவையாக்க வேண்டும் என்று சாலிம் அலி பரிந்துரைத்தார். 1963இல் அந்தப் பெருமை மயிலுக்குப் போயிற்று. இன்று நம் பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் மயில் மேய்கிறது. கானமயிலோ நாடு முழுவதும் சேர்த்து 200கூடத் தேறாது. பெரும்பாலும் ராஜஸ்தானில் ஜெய்சல்மார்ப் பக்கம்தான். அங்கும் மின்கம்பிகளில் மோதிச் சாகிறது.

வறண்ட நிலத்தையும் பார்க்கத் தெரிந்த ஒரு தமிழரை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைக்குட்டி; 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். 1940களில் பெல்லாரி பக்கத்துச் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். 1950இல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 46 வருஷம் எழுதினார். கடைசிக் கட்டுரை வந்தது 1996 பிப்ரவரி 18. அன்றுதான் அவர் காலமானார்.

கிருஷ்ணன் எடுத்தது கறுப்பு வெள்ளைப் படங்கள். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒன்றை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். யானையை எடுத்த அதே அக்கறையோடு அணிலையும் காக்கையையும் பற்றி எழுதினார். அந்தந்த மண்ணுக்கு உரிய செடி கொடிகள் இருந்தால்தான் அந்த மண்ணுக்கு உரிய உயிர்கள் இருக்கும் என்பது அவர் ஓயாமல் சொன்ன விஷயம். அந்தக் கண்ணோடு நம் ஊரைச் சுற்றிப் பார்ப்போம்.

அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தெற்கே போனால் வல்லநாடு. 1987இல் அமைந்த வெளிமான் சரணாலயம், 16.41 சதுர கிலோமீட்டர். இன்னும் தெற்கே சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரி. காற்று குவித்த செம்மணல். தமிழ்நாட்டில் பாலைவனம் பார்க்க ஆசைப்படுகிறவர் போக வேண்டிய இடம். முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள். 1989இல் பறவைச் சரணாலயங்களாகி, 2022இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றவை. மழை பெய்து கண்மாய் பெருகினால் கருவேல மரம் முழுக்க நாரைக் கூடுதான். சரணாலயம் என்று பலகை இல்லாத நம் காடுகளிலும் கௌதாரி, ஆள்காட்டி, பனங்காடை, உடும்பு, நரி உண்டு. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பூனைப்பருந்து வரும்.

படம் எடுக்க நினைக்கிற இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை. காலை 8 மணிக்கு மேல் நம் வெயிலில் நிழல் கறுத்து, தூரம் கானலாகிவிடும்; விடியலும் அந்தியும்தான் நேரம். ஆண் வெளிமானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. வெள்ளைக்கு அளவு பார்த்து எடுங்கள். ஆள்காட்டி தரையில்தான் முட்டையிடும். கூட்டுக்குக் கிட்டே நின்று தாயை விரட்டினால் முட்டை வெயிலில் வெந்துபோகும். படம் போனால் போகட்டும்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2000இல் மத்திய அரசு வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பில், புதர்க்காடும் பாலை மணலும் 'தரிசு' என்ற கணக்கில்தான் வருகின்றன. பக்கத்துக் கமுதியில் 2016இல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நமக்கும் அது தேவை. ஆனால் அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வருகிறவர், "இங்கே ஒன்றும் இல்லையே" என்று சொன்னால், காட்டுவதற்கு நம் கையில் என்ன இருக்கிறது?

ஆகவே ஒரு விண்ணப்பம். இன்று எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் காமிரா இருக்கிறது. உங்கள் ஊர்க் கண்மாய், ஊருணி, மேய்ச்சல் காடு, அங்கே கண்ட பறவை, மிருகம், எதுவானாலும் ஊர்ப் பெயரும் தேதியும் எழுதி எடுத்து வையுங்கள். அடுத்த சந்திப்புக்குக் கொண்டு வாருங்கள். வீட்டுப் பரணில் பழைய படம் கிடந்தால் அதையும் தூசி தட்டி எடுத்து வாருங்கள். சங்கத்தின் சார்பில் ஒரு சுவர் நிறைய மாட்டி, நம் கல்லூரிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவோம்.