மெருகின் விலை

மாமல்லபுரம் போய்வந்த காரை மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். மேனி முழுவதும் உப்பும் மணலும். அதை உலர்ந்த துணியால் துடைப்பவர்கள் நம்மில் அநேகர். மணற்பொடி கீறும், வெயிலில் அந்தக் கீறல்கள் சிலந்தி வலைபோலத் தெரியும். உடனே செங்கற்பட்டுப் பட்டறைக்கு ஓட்டிப்போய், இயந்திரத்தால் மெருகேற்றச் சொல்லுவோம். கார் கண்ணாடியாகிவிடும். அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்க மாட்டோம்.

அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஆதியில் காருக்கும் குதிரை வண்டியைப் போலவே தூரிகையால் வார்னிஷ் பூசினார்கள். காய்ந்து முடிய வாரக்கணக்காகும். 1923-ல் அமெரிக்காவில் டுபான்ட் கம்பெனியார் 'டூக்கோ' என்ற பூச்சைக் கொண்டுவந்தார்கள். தெளித்தால் சீக்கிரம் காய்ந்தது. ஆனால், தேய்த்தால்தான் பளபளத்தது. காருக்கும் மெருகுத் துணிக்கும் உறவு பலப்பட்டது அப்போதுதான்.

வண்டலூர் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையிலிருந்து 1961-ல் ஹெரால்டு கார் வந்ததே, அந்தக் காலத்தில் நிறமே மேற்பூச்சு. சிவப்புக் காரைத் தேய்த்தால் துணியும் சிவக்கும். இவ்வளவு பெயிண்டு போயிற்று என்று துணியே கணக்குச் சொல்லிவிடும்.

மறைமலை நகரில் 1990-களில் கார்த் தொழிற்சாலை எழுந்தபோது உலக வழக்கம் மாறியிருந்தது. நிறத்தின்மேல் 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற பூச்சு வந்துவிட்டது. அதன் கனம் ஏறக்குறைய 40 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர்கூட அதைவிடத் தடிமன் அல்லவா? வெயிலைத் தாங்கும் சரக்கும் அதில்தான் கலந்திருக்கிறது.

மெருகு என்பது கீறலை நிரப்புவதன்று. கீறலைச் சுற்றியுள்ள பூச்சைச் சீவி எடுத்து மட்டப்படுத்துவது. இயந்திரம் சுழலச் சுழலச் சூடு ஏறுகிறது. விளிம்பிலும் மடிப்பிலும் அழுத்தம் குவிகிறது. துணியோ வாய் திறப்பதில்லை. அதில் நிறம் தெரிந்தால் காரியம் மிஞ்சிவிட்டது என்று பொருள். பெயிண்டின் கனத்தை அளக்கக் கருவி உண்டு. சாதாரணக் கருவி மொத்தக் கனத்தைச் சொல்லுமே தவிர, மேற்பூச்சு எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. அப்போது பளபளத்த கார், பிறகு வெயிலில் வெளுத்துத் தோல் தோலாக உரிவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாகம் முழுவதையும் மறுபடி பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

எனக்குக் கடற்கரைக் கோயில் நந்திகள் நினைவுக்கு வருகின்றன. கருங்கல்லையே உப்புக் காற்று 1,300 ஆண்டுகளில் முகம் தெரியாமல் தேய்த்திருக்கிறது. அதற்கு வைத்தியம் என்று யாரும் கல்லை மேலும் தேய்க்கவில்லை. காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை நட்டார்கள். காருக்கும் அதே யோசனைதான். முதலில் தாராளமாகத் தண்ணீர் விட்டு மணலைக் கழுவுங்கள். அப்படியும் இரண்டு கீறல் இருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும்.