மண்ணெண்ணெய்க் காலத்து ஊசி

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. தடைப் பட்டியலில் பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் இருந்தன. கரண்டும் இல்லை. இது எங்கட வீடுகளில் கேட்டுக் கேட்டுப் பழகின கதை. பெற்றோல் இல்லாமலே கார் ஓடியது, மண்ணெண்ணெயில் ஓடியது என்பதும் உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். ஆனால் எப்படி ஓடியது? உள்ளுக்குள் எதை மாற்றினார்கள்? இந்தக் கேள்விக்கு ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "அந்தக் காலத்து எஞ்சின், எதையும் குடிக்கும்". அது பதில் இல்லை.

எனக்குப் பதில் கிடைத்தது ஒரு காபரேட்டருக்குள். பெரியப்பாவின் மொரிஸ் மைனர், 1960களில் வந்த வண்டி, கொக்குவிலில் பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. "எஞ்சின் போட்டுது, பெற்றோலைத் தண்ணி மாதிரிக் குடிக்குது" என்று சொல்லித்தான் அவர் அதை நிறுத்தினவர். இப்போது பழைய இரும்புக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. நான் படித்தது கம்ப்யூட்டர் எஞ்சினியரிங், கையில் கிரீஸ் பட்டதில்லை. இருந்தும், "கொடுக்கிறதுக்கு முதல் காபரேட்டரை மட்டும் ஒருக்காப் பிரிச்சுப் பார்க்கட்டோ?" என்று கேட்டேன். "கழட்டு, ஆனா திருப்பிப் பூட்டோணும்" என்றார் பெரியப்பா.

முதலில் காபரேட்டர் என்றால் என்ன வேலை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று ஒரு ஒடுங்கிய வாயால் போகும்போது வேகம் கூடும், அமுக்கம் குறையும். அந்தக் குறைந்த அமுக்கம் கீழே உள்ள ஒரு சின்னக் குழாயிலிருந்து பெற்றோலை மேலே இழுத்துத் தூவும். பிரச்சினை என்னவென்றால், வண்டி ஓரிடத்தில் நின்று உறுமும்போதும், மேட்டில் ஏறும்போதும், நல்ல றோட்டில் பறக்கும்போதும் தேவைப்படும் காற்றின் அளவு வேறு வேறு. எல்லா நிலையிலும் பெற்றோல் அதற்கேற்ற விகிதத்தில் போக வேண்டும். சொலெக்ஸ் மாதிரியான காபரேட்டர்களில் இதற்காக ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி ஓட்டைகள், பாதைகள் இருக்கும். எங்கட மொழியில் சொன்னால், ஒரு கட்டு இஃப்-எல்ஸ்.

மைனரில் இருப்பது எஸ்.யு. காபரேட்டர். அதில் அப்படி எதுவும் இல்லை. ஒரு ஓட்டை, ஒரு ஊசி, அவ்வளவுதான். காற்று கூடக் கூட ஒரு பிஸ்டன் தானாக மேலே எழும்பும், வாய் அகலும். பிஸ்டனின் அடியில் பூட்டிய ஊசி ஓட்டைக்குள் இருந்து மேலே வரும். ஊசி கீழே போகப் போக மெலிந்துகொண்டு போவதால், மேலே வரவர சுற்றியுள்ள இடைவெளி கூடி, பெற்றோலும் கூடப் போகும். அந்த மெலிவு ஒரே சீராக இருக்காது. 8ல் ஒரு அங்குலத்துக்கு ஒரு இடம் என்று வைத்து, ஒவ்வொரு இடத்திலும் ஊசி எவ்வளவு தடிப்பு என்று ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் அட்டவணையே போட்டிருக்கிறார்கள். ஊசியின் தலையில் எழுத்து வெட்டியிருக்கும், அந்த எழுத்தை வைத்து அட்டவணையைத் தேடலாம். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இது லுக்-அப் டேபிள். உலோகத்தில் எழுதிய புரோகிராம்.

இதை யோசித்தவர் ஹெர்பர்ட் ஸ்கின்னர், இங்கிலாந்துக்காரர், குடும்பத்துக்குச் செருப்பு வியாபாரம். ஓம், லண்டனில் பெயர்போன சப்பாத்துக் கடைக்காரர்கள். 1904ல் அவர் செய்த முதல் வடிவத்தில் இப்போதுள்ள பிஸ்டனுக்குப் பதிலாக இருந்தது தோலில் தைத்த ஒரு துருத்தி. அதைத் தைத்தது அவருடைய மனைவி. செருப்புக்காரர் வீட்டில் தோலுக்கு என்ன பஞ்சம்! எஸ்.யு. என்ற பெயரே 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம்தான். 1926ல் மொரிஸ் அந்தக் கம்பனியை வாங்கினார். அதனால்தான் பிறகு வந்த மொரிஸ் கார்களில் எஸ்.யு. இருக்கிறது.

இந்தக் கம்பனிக்கு இன்னொரு பெரிய கதை உண்டு, சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்பயர், ஹரிகேன் விமானங்களின் மெர்லின் எஞ்சினுக்கும் எஸ்.யு.தான் காபரேட்டர் செய்தது. வடிவம் வேறு, ஆனால் அதிலும் எங்கட மைனரில் இருப்பதுபோல ஒரு மிதவை அறை. விமானம் சட்டென்று மூக்கைக் கீழே குத்தினால் அறைக்குள் இருக்கும் பெற்றோல் மேலே எறியப்படும், எஞ்சின் ஒரு கணம் பட்டினி கிடக்கும், அடுத்த கணம் பெற்றோலில் மூழ்கித் திணறும். ஜெர்மன் மெஸ்ஸர்ஸ்மிட்டில் பெற்றோல் நேராக சிலிண்டருக்குள் பீச்சப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லை. அவன் கீழே பாய்ந்து தப்பிவிடுவான். 1941ல் இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் எஞ்சினியர். பெற்றோல் பாதையில் போடுகிற துளை உள்ள ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. எஞ்சினின் முழுப் பலத்துக்கு எவ்வளவு தேவையோ அதற்குமேல் பெற்றோல் போகாது. விமானத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பாமல், நிற்கிற இடத்திலேயே பூட்டலாம். ஒரு சின்னக் குழுவோடு தளம் தளமாகப் போய்ப் பூட்டினார்கள். ஷில்லிங் மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓடினவர் வேறு.

சரி, கொக்குவிலுக்கு வருவோம்.

பிரிக்கிறது நினைத்த அளவு கஷ்டமில்லை. மேல் மூடியின் திருகாணிகளைக் கழற்றினால் பிஸ்டன் ஊசியோடு மேலே வந்துவிடும். மூடிக்கும் உடலுக்கும் சேர்த்து முதலே ஒரு கோடு கீறி வைக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மூடியும் தன் பிஸ்டனுக்கென்றே பொருத்தப்பட்டது. மிதவை அறைக்குள் பெற்றோல் காய்ந்து மஞ்சள் வார்னிஷ் மாதிரிப் படிந்திருந்தது, கீழே வெள்ளைத் தூள். ரப்பர் வளையங்கள் கல்லாகிப் போயிருந்தன. புதிய கிட் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. இந்த நாட்டில் மைனருக்குப் பார்ட்ஸ் கிடைக்காத காலம் வராது என்று நினைக்கிறேன்.

ஊசியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் சந்தேகம் வந்தது. சுற்றிவர மெல்லிய கீறல்கள். பழைய ஊசி ஓட்டையில் உரசினால் தேயும்தான், ஆனால் அது பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தேயும். இது வட்டமாக, சீராக இருந்தது. மைக்ரோமீட்டர் கடன் வாங்கி, ஒவ்வொரு இடமாக அளந்து, தலையில் இருந்த எழுத்துக்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டேன். மேல் இரண்டு இடமும் சரி. மூன்றாவதிலிருந்து ஆயிரத்தில் ஒன்று, ஒன்றரை அங்குலம் மெலிவு. யாரோ வேண்டுமென்றே உரைத்திருக்கிறார்கள்.

இது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். ஓட்டை 0.090 அங்குலம். ஊசி 0.080 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 0.0785 ஆக்கினால் இடைவெளியின் பரப்பு கிட்டத்தட்ட 14 சதவீதம் கூடுகிறது. கண்ணுக்கே தெரியாத உரைப்பு, 14 சதவீதம் கூடுதல் எரிபொருள்!

இப்போது மண்ணெண்ணெயை யோசியுங்கள். அது பெற்றோலைவிடத் தடிப்பான திரவம், அதே இடைவெளியால் குறைவாகத்தான் போகும். அதனால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். இரண்டாவது, குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் ஒரு சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலைக் காபரேட்டர் வாயில் கொஞ்சமாக விட்டு, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். இங்கிலாந்தில் பெர்குசன் டிராக்டர்களில் இதே முறை இருந்தது, பெற்றோலில் ஸ்டார்ட், பிறகு மண்ணெண்ணெய் வகை எண்ணெய். அங்கே கம்பனி அதற்கென்றே செய்து கொடுத்தது. இங்கே கராஜ்காரர்கள் தாங்களாகச் செய்தார்கள். சிலர் மண்ணெண்ணெயோடு சமையல் எண்ணெயும் கலந்தார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு போகும், அதற்கு ஈடாக ஏதாவது வழுவழுப்பு வேண்டுமே.

பெரியப்பாவின் மைனருக்கு அந்த நாட்களில் கை வைத்த கராஜ் ஐயா பக்கத்து ஊரில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. ஊசியைக் கொண்டுபோய்க் காட்டி, "ஐயா, இது உங்கட வேலையோ?" என்று கேட்டேன்.

கண்ணாடியைப் போட்டு, விரலில் உருட்டிப் பார்த்தார். "நானோ, என்னட்ட நிண்ட பெடியளோ தெரியாது தம்பி. ஆனா எங்கட கராஜ் வேலைதான். கை டிரில்லில ஊசியைப் பூட்டி ஒருத்தன் சுத்துவான், மற்றவன் எமரித் தாளால பிடிப்பான். கரண்ட் எங்க இருந்தது?"

"எவ்வளவு உரைக்கோணும் எண்டு எப்பிடித் தெரியும்?"

"பிளக்கைக் கழட்டிப் பார்க்கிறதுதான். வெள்ளையா இருந்தா எண்ணெய் காணாது, இன்னும் கொஞ்சம் உரை. கறுத்தா கூடிப்போச்சு, அந்த ஊசி சரிவராது, எறி. ஆனா எறியிறதுக்கு ஊசி எங்க இருக்கு? அதால பயந்து பயந்துதான் உரைக்கிறது."

எங்கட வேலையில் ஒரு மாற்றம் பிழைத்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடுவோம். உரைத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. புதிய ஊசி வர வழியும் இல்லை. அந்த வண்டி ஒரு குடும்பத்தின் வண்டி மட்டும் இல்லை, அந்த ஒழுங்கைக்கே அம்புலன்ஸ். 1992ல் பெரியம்மாவை இரவில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்தக் கார்தான், அக்கா பிறந்தது விடியற்காலையில். பெரியப்பா இதைச் சொல்லும்போது ஸ்டார்ட் வந்த கதையைத்தான் முதலில் சொல்வார், பிள்ளை பிறந்த கதை அதற்குப் பிறகுதான்.

அப்போ "எஞ்சின் போட்டுது" என்ற கதை? பிறகு பெற்றோல் வந்தது. எல்லாரும் பெற்றோலுக்கு மாறினார்கள். இந்த வண்டியில் ஊசியை மாற்ற ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மண்ணெண்ணெய்க்கு உரைத்த ஊசியால் பெற்றோல் வழிந்து ஓடியிருக்கிறது. கரும்புகை, கறுத்த பிளக், வெறுமையாகும் டாங்க். எஞ்சினில் ஒன்றும் இல்லை. பழைய தடை ஒன்று காபரேட்டருக்குள் மட்டும் முடியாமல் இருந்திருக்கிறது.

புதிய ஊசி போட்டேன். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் மெல்ல இறங்கி 'டக்' என்று உட்கார வேண்டும், அதுதான் ஊசி நடுவில் நிற்கிறது என்பதற்கு அடையாளம். நாலாவது தரம்தான் அந்தச் சத்தம் வந்தது. மேலே டாஷ்பொட்டுக்குக் கொஞ்சம் ஒயில் விட்டு மூடினோம். திரொட்டில் தண்டின் துவாரம் தேய்ந்திருப்பதால் கொஞ்சம் காற்று இழுக்கிறது, நின்ற நிலையில் சற்றுத் தடுமாறும். அதற்கு லேத் வேலை வேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம். பிளக் இப்போது செங்கல் நிறம். இரும்புக் கடைப் பேச்சு நின்றுவிட்டது.

பழைய ஊசியை ஒரு சின்ன டப்பியில் பஞ்சு வைத்துப் போட்டு, அளந்த கணக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். தடைக் காலத்தைப் பற்றிப் பட்டியல்கள் உண்டு, கட்டுரைகள் உண்டு, நினைவுகள் உண்டு. கராஜில் என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்த ஒரு கொப்பியையும் நான் இதுவரை பார்க்கவில்லை. கராஜ் ஐயாவும் எழுதவில்லை. "எழுதுறதுக்கு நேரம் எங்க, கையெல்லாம் எண்ணெய்" என்றார்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கட வீட்டு ஷெட்டில் ஒரு மைனரோ, ஒஸ்டினோ, அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளோ நின்றால், காபரேட்டரைக் கழற்றி எறிய முதல் ஊசியின் படத்தை எடுத்து அனுப்புங்கோ. மைக்ரோமீட்டர் கிடைத்தால் மேலிருந்து ஒவ்வொரு 8ல் ஒரு அங்குலமாக அளந்து, தலையில் உள்ள எழுத்தையும் சேர்த்து அனுப்புங்கோ. கராஜ் ஐயாவோடு பேசின முழு ஒலிப்பதிவு அடுத்த கிழமை வரும். அதில் அவர் பிளக் பற்றி மட்டுமே இருபது நிமிடம் பேசுகிறார், நான் வெட்டப்போவதில்லை.