தோட்டத் துரைமார் வேட்டை

தென்னிந்தியா, இலங்கை, மலாயா ஆகிய பகுதிகளின் மலைத்தோட்டங்களில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1970-களின் தொடக்கம் வரை பருவம் பார்த்து நடந்த வேட்டை. காப்பி, சிங்கோனா, தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியரும் அவர்களுடைய விருந்தாளிகளும் துப்பாக்கி பிடித்தார்கள். தடம் பார்த்துக் கொடுத்தவர்கள் அந்தந்த மலையின் குடிகள். காடு கலைத்தவர்களும் சுமை தூக்கியவர்களும் பெரும்பாலும் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியிருந்த தமிழ்த் தொழிலாளர்கள். நீலகிரியிலும் மூணாறைச் சுற்றிய கண்ணன் தேவன் மலைகளிலும் இது சட்டம், சங்கம், உரிமச் சீட்டு, காவலாள் என்று முழு ஏற்பாடாக வளர்ந்தது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குத் தேயிலை ஏறியபோது அந்த ஏற்பாட்டின் நல்ல காலம் முடியும் தறுவாயில் இருந்தது.

தொடக்கம்

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறிப் பார்த்ததும், சில ஆண்டுகளில் உதகமண்டலம் கோடைவாசத்தலமானதும் தெரிந்த கதை. வந்தவர்கள் முன்னே விரிந்தது அடர்காடல்ல; அலையலையான புல்மேடு, மேட்டின் மடிப்புகளில் மட்டும் சோலை. குதிரை ஓட்டத் தோதான வெளி, விலங்கு ஒதுங்க இடம், குறி பார்க்கத் தடையில்லாத பார்வை மூன்றும் ஒருங்கே கிடைத்தன. 1840-களில் ஊட்டியில் வேட்டைநாய்க் கூட்டம் உருவானது. நரி வேட்டைக்கென்று இங்கிலாந்தில் வளர்த்த நாய் இனம், இங்கே குள்ளநரியைத் துரத்தியது. சிவப்புக் கோட்டுக் குதிரைக்காரர்கள் பாய்ந்த அந்த மேடுகள் தோதவர் எருமை மேய்த்த நிலம். தோதவரோ புலால் உண்ணாதவர்கள். வேட்டையாடும் வழக்கமும் அவர்களிடம் இல்லை. பின்னாளில் அந்தப் புல்வெளிக்கு 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் வந்தது.

இலங்கையில் இதற்குக் கட்டுப்பாடே இல்லாத ஒரு முற்காலம் உண்டு. பதுளைப் பக்கம் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் சுட்ட யானைகள் 1,400-க்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1845-இல் அவர் மின்னல் தாக்கி இறந்தார். அடுத்து வந்த சாமுவேல் பேக்கர் 1848-இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்தவர். நாய்களை ஏவி மரையை மடக்கி, கத்தியால் குத்தி முடிப்பது அவருடைய பாணி. 1850-களில் அவர் வெளியிட்ட வேட்டை நூல், பின்னால் வந்த தோட்டக்காரர்களுக்கு வழிகாட்டி ஏடுபோல் ஆயிற்று. இலங்கைத் தமிழர் மரை என்பதும் தமிழகத்தார் கடமான் என்பதும் ஒரே விலங்கு.

1879-ஆம் ஆண்டுச் சட்டம்

1850-களுக்குப் பிறகு நீலகிரிச் சரிவுகளில் காப்பியும், 1860-களில் சிங்கோனாவும் காட்டைத் தின்றன. வெலிங்டன் படைமுகாமில் ஓய்வுக்கு வந்த சிப்பாய்கள் கண்டதையெல்லாம் சுட்டார்கள். ஆண், பெண், குட்டி என்ற பேதம் கிடையாது. வரையாட்டுக் கூட்டங்கள் குந்தா மலை விளிம்புகளுக்கு ஒதுங்கின. தங்கள் விளையாட்டு அற்றுப்போகும் என்று முதலில் பதறியவர்கள் வேட்டைக்காரர்களே. 1877-இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கம் கூடியது; அதன் வற்புறுத்தலில் 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தைச் சென்னை அரசு இயற்றியது. ஒரே ஒரு மாவட்டத்துக்கென்று போட்ட இந்தச் சட்டம், இந்தியாவின் தொடக்கக்கால வேட்டைச் சட்டங்களில் ஒன்று. காட்டெருமை, கடமான், வரையாடு, கேளையாடு, முயல், காட்டுக்கோழி, மயில், கவுதாரி, காடை எல்லாம் அதன் பட்டியலில் இருந்தன. சுடக்கூடாத மாதங்களை அரசு அறிவித்தது. மற்ற மாதங்களில் சுட உரிமச் சீட்டு வேண்டும்.

சட்டத்தின் நோக்கம் விலங்கைக் காப்பதா, வேட்டையைக் காப்பதா என்றால் இரண்டாவதுதான். உரிமச் சீட்டுக்குப் பணமும் கையில் துப்பாக்கியும் உள்ளவர் வேட்டைக்காரர். சோற்றுக்காகக் கண்ணி வைத்தவர் திருடர். புலிக்கும் சிறுத்தைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. செந்நாயைக் கொன்றுவந்தால் காசே கொடுத்தார்கள், துரையின் மானை அது தின்கிறது என்பதால். இருந்தாலும் பெண் விலங்கை விடு, ஈனும் காலத்தில் தொடாதே, இத்தனைக்கு மேல் கூடாது என்ற வரம்புகள் எழுத்தில் ஏறியது இந்த வழியாகத்தான். சங்கத்தின் அடுத்த ஆசை மீன். 1860-களிலேயே டிரவுட் மீனைக் கொண்டுவரும் முயற்சிகள் நடந்திருந்தன; 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைத்த பிறகே அது நிலைபெற்றது.

ஆண்டு வட்டம்

வேட்டையின் நாள்காட்டியை எழுதியது மழை. ஜூனில் தென்மேற்குப் பருவம் மலையில் முட்டியதும் மேல்மட்டம் முழுக்க மூட்டத்துக்குள் போய்விடும். அட்டை, வழுக்கல், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத வெண்மை. பங்களாவில் துப்பாக்கிகளைக் கழற்றிக் குழாய்க்கு எண்ணெய் போட்டு, கணப்புக்குப் பக்கத்துச் சுவரில் வைப்பார்கள். அந்நாளைய இரட்டைக்குழல் தோட்டாக்களின் உறை தடித்த காகிதம். ஈரம் ஏறினால் உப்பிக் குழலுக்குள் இறங்காது. பாதி இறங்கிச் சிக்கிக்கொள்ளும் தோட்டாவைக் காட்டில் நின்று நோண்டி எடுப்பது ஆபத்தான வேலை. அதனால் தோட்டாப் பெட்டியைத் தகரத்தில் அடைத்து உலர வைப்பது மழைக்கால வேலைகளில் முக்கியமானது.

அக்டோபர், நவம்பரில் இமயத்திலிருந்து காட்டு உள்ளான் இறங்கும். இலைச்சருகின் நிறத்தில் சோலைக்குள் கிடந்து, காலடியில் மிதிபடும்போதுதான் எழும் பறவை. மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து பறக்கும் அதை வீழ்த்துவது பெருமை. அந்தப் பருவத்தின் முதல் உள்ளான் எந்தத் தோட்டத்தில் விழுந்தது என்பது ஊட்டி மன்றத்தில் பேச்சாகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. கொழுந்து வரத்து குறையும், தொழிற்சாலை மந்தமாகும். துரைக்கு ஓய்வு கிடைப்பதும் வானம் வெளுப்பதும் கடமான் கொம்பு முற்றியிருப்பதும் ஒரே நேரத்தில் கூடிவந்தன. கிறிஸ்துமஸ் வாரம் உச்சம்.

முந்தின நாளே, தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் ஆள் பிரிக்கும் வேலை தொடங்கும். கொழுந்துக்கு இன்னார், கவாத்துக்கு இன்னார் என்பதுபோலக் காடு கலைக்க இன்னார் என்று கங்காணி பிரிப்பார். கைக்கத்தி, தடி, தகரடப்பா போதும். விடியலில் சோலையின் கீழ்வாயில் அவர்கள் வரிசையாக நிற்க, துப்பாக்கிக்காரர்கள் காற்றுக்கு எதிராக மேல்விளிம்பில் இடம் பிடிப்பார்கள். விலங்கு கலைந்தால் பெரும்பாலும் மேட்டைப் பார்த்தே ஓடும் என்பது கணக்கு. சத்தம் ஒரே சீராக ஏற வேண்டும். ஓரிடத்தில் ஓய்ந்தால் கடமான் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துப் பின்னால் நழுவிவிடும். முள்ளுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் வரிசை குலையாமல் வருவது சுடுவதைவிடக் கடினம் என்று சொன்னால் மிகையல்ல. அந்த வேலைக்காரர்களின் பெயர் எந்தக் கொம்புக்குக் கீழும் பொறிக்கப்படவில்லை. கிடைத்தது, பெரிய விலங்கு விழுந்த நாளில் இறைச்சிப் பங்கு.

வரையாட்டுக்கு இந்த முறை உதவாது. அது பாறை விளிம்பில் நின்று பள்ளத்தைப் பார்த்தபடியே மேயும். ஆபத்து கீழிருந்து வரும் என்பது அதன் எதிர்பார்ப்பு. ஆகவே இருட்டோடு எழுந்து சுற்றிப்போய் மேலே ஏறி, மூட்டம் விலகும்வரை குளிரில் படுத்துக் கிடக்க வேண்டும். சுடலாம் என்று அனுமதிக்கப்பட்டது முதிர்ந்த கிடாய் மட்டும்: கரிய உடம்பு, முதுகில் சேணம் போட்டதுபோல் வெள்ளித் திட்டு. தொலைநோக்கியில் திட்டைக் கண்டு உறுதி செய்யாமல் விசையைத் தொடுவது இழுக்கு. குண்டு பட்ட கிடாய் பல நூறடிப் பள்ளத்தில் விழுந்து கொம்பு நொறுங்குவதும் உண்டு. இறங்கி எடுத்து வருவது மலைக்குடிகளான முதுவரோ இருளரோ குறும்பரோ, துரை அல்லர்.

பருவத்தின் கடைசி வேலை தீ. ஜனவரி, பிப்ரவரியில் காய்ந்த புல்லைத் துண்டு துண்டாகக் கொளுத்துவார்கள். எரிந்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லுக்கு வரையாடு வரும்; பெருந்தீ பரவாமலும் தடுக்கும். காற்றுப் போக்கு, பனியின் ஈரம், சோலை விளிம்பு மூன்றையும் பார்த்துத் தீ வைக்கும் நேரத்தைத் தீர்மானிக்கத் தெரிந்தவர்கள் முதுவர்கள்.

கண்ணன் தேவன் மலைகள்

1877-இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜே. டி. மன்றோ பெற்ற மலைநிலமே மூணாறுத் தோட்டங்களின் மூலம். 1879-இல் ஒரு நிலச் சங்கம், 1890-களில் ஃபின்லே நிறுவனம், 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி என்று கை மாறியது. மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள் போடி மெட்டு வழியாக ஏறி வந்து தோட்டம் போட்டார்கள். ஆனைமுடிக்கு அடுத்த இரவிகுளம் மேட்டுநிலத்தில் மட்டும் செடி நடவில்லை. உயரமும் உறைபனியும் காற்றும் தேயிலைக்கு ஒவ்வாதவை என்பது ஒரு காரணம். அது துரைமாரின் வேட்டைக்காடு என்பது இன்னொன்று. 1928-இல் அவர்கள் ஹைரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தார்கள். அனுமதி கொடுப்பது, எண்ணிக்கை வைப்பது, கள்ளவேட்டையைத் தடுப்பது அதன் பொறுப்பு. முதுவர்களே காவலாட்கள், தடம் பார்ப்பவர்களும் தீ வைப்பவர்களும் அவர்களே. தலைமுறைகளாகத் தாங்கள் அறிந்த காட்டில் இன்னொருவர் விலங்குக்குக் காவல் இருந்து கூலி வாங்கியவர்கள் என்று அவர்கள் நிலையைச் சொல்லலாம்.

இலங்கையில் இதே பணியை 1894-இல் தோன்றிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் செய்தது. ஹோர்டன் சமவெளியில் தோட்டக்காரர் தாமஸ் ஃபார் பெயரில் உள்ள தங்குமனை ஒருகாலத்தில் வேட்டைக்காரர் விடுதி. இன்று அது பார்வையாளர் நிலையம்.

மலாயாவும் கேமரன் மலையும்

வில்லியம் கேமரன் 1885-இல் அளந்து குறித்த மேட்டுநிலத்தில் ஜே. ஏ. ரசல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கூட இருந்தவர் இலங்கையில் தேயிலை பழகிய ஏ. பி. மில்ன். தமிழ்த் தொழிலாளர், கங்காணி, லயம், பிரட்டு எல்லாம் அப்படியே ஏறி வந்தன. நீலகிரி பாணி வேட்டை மட்டும் வரவில்லை. நிலம் ஒரு காரணம்: இங்கே புல்மேடு கிடையாது, பாசி படர்ந்த மலைக்காடு தோட்ட எல்லைவரை நெருக்கி நிற்கிறது. அதற்குள் விலங்கை எடுக்கத் தெரிந்தவர்கள் செமாய் மக்கள், நீண்ட ஊதுகுழலும் இப்போ என்னும் மரத்தின் பால்நஞ்சு தடவிய அம்பும் கொண்டு, சத்தமின்றி. மலாயாத் தோட்டக்காரர்கள் துப்பாக்கியோடு போனது தாழ்நிலத்துக்கு: செலாடாங் என்னும் காட்டெருமை, யானை, நெல்வயல் உள்ளான்.

காலமும் மாறியிருந்தது. ரப்பர் தோட்டக்காரரும் பேர்பெற்ற செலாடாங் வேட்டைக்காரருமான தியோடர் ஹப்பேக், பின்னாளில் பகாங்கின் கௌரவ வனவிலங்குக் காவலரானார். 1930-இல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தியவர் அவர். விடாப்பிடியான அவருடைய உழைப்பில் பகாங், திரங்கானு, கிளந்தான் எல்லைகள் சேரும் காடு 1938-39-இல் ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்காவாயிற்று. இன்றைய தாமான் நெகாரா அதுதான். ஆக, கேமரன் மலையில் தேயிலை வேர்பிடித்த அதே பத்தாண்டில் பகாங்கில் வேட்டைக்காரரே காட்டை அடைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

முடிவு

1947-க்குப் பிறகு துரைமார் குறைந்தார்கள், சங்கங்கள் குறையவில்லை. பொறுப்பேற்ற இந்தியத் தோட்ட அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் எண்ணிக்கை எடுப்பதில் நாட்டம் காட்டினார்கள். நீலகிரிச் சங்கத்தைச் சேர்ந்த ஈ. ஆர். சி. தாவீதார் 1963-இல் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்தது இவ்விலங்கைப் பற்றிய முறையான ஆய்வுகளுக்கு முன்னோடி. 1969-இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் வந்து பார்த்து, இரவிகுளத்துக் கூட்டம்தான் பெரியது என்று பதிவு செய்தார். 1971-இல் கண்ணன் தேவன் நிலங்களைக் கேரள அரசு சட்டம் போட்டு மீட்டது. அடுத்த ஆண்டு வந்த இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 97 சதுர கிலோமீட்டர். வரையாடு எண்ணூறை ஒட்டி. குட்டி ஈனும் பருவத்தில், ஆண்டின் தொடக்கத்தில், பூங்காவை மூடிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் வரையாடு மாநில விலங்கு. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,031, அடுத்த ஆண்டு 1,303. நீலகிரியின் முக்கூர்த்தி இப்போது தேசியப் பூங்கா. 1877-இல் கூடிய சங்கம் பெயரில் இருந்த வேட்டையை நீக்கிவிட்டு வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக ஊட்டியில் இன்றும் இயங்குகிறது.