ரியுகோக்கு பல்கலைக்கழகம்

ரியுகோக்கு பல்கலைக்கழகம் ஜப்பானின் கியோத்தோ நகரிலுள்ள தனியார் பௌத்தப் பல்கலைக்கழகம். ஷின்ரானை (1173–1263) முதல்வராகக் கொண்ட ஜோடோ ஷின்ஷூ பிரிவின் நிஷி ஹோங்கன்ஜி மடம், தன் குருமார்களுக்காக 1639இல் தொடங்கிய பாடசாலையே இதன் மூலம். இன்று சுமார் 20,000 மாணவர்கள் பயில்கின்றனர்.

தோற்றமும் பூசல்களும்

மடத்தின் 13ஆம் தலைவர் ரியோன்யோ பாடசாலையை நிறுவினார். அங்கு கற்பித்த கொள்கை குறித்துப் பின்னாளில் பூசல் மூண்டது. ஷோகுன் அரசின் ஆணைப்படி 1655இல் கட்டடம் இடிக்கப்பட்டது. பின்னர் 'கக்குரின்' என்ற பெயரில் கல்வி தொடர்ந்தது. 1797இல் இன்னொரு பூசல் எழுந்தது. அமிதாப புத்தரைச் சரணடைவோர் மனம், மொழி, மெய் மூன்றாலும் வேண்ட வேண்டும் என்றது கக்குரின். நம்பிக்கை ஒன்றே போதும் என்றனர் நாட்டுப்புறத்து அறிஞர்கள். 1806இல் அரசு கக்குரினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

மெய்ஜி காலம்

மேற்கத்தியக் கல்வி பரவியபோது பாடசாலையும் மாறியது. ஓமியா வளாகத்தின் முதன்மைக் கட்டடம் 1879இல் எழுந்தது. இன்று அது நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்து. மடம் நடத்திய பொதுக்கல்விப் பள்ளியின் மாணவர்கள் 1886இல் மதுவிலக்குச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அவர்கள் மறு ஆண்டு தொடங்கிய இதழே பின்னாளில் 'சூவோ கோரோன்' என்னும் புகழ்பெற்ற மாத இதழாயிற்று. 1922இல் பாடசாலை, அரசு சட்டப்படி ரியுகோக்கு பல்கலைக்கழகமாக ஏற்பு பெற்றது.

ஓதானி சேகரிப்பு

மடத்தின் 22ஆம் தலைவர் ஓதானி கோசுயி 1902 முதல் 1914 வரை மூன்று முறை மத்திய ஆசியாவுக்கு ஆய்வுக்குழுக்களை அனுப்பினார். பட்டுப்பாதை நகரங்களில் அவை திரட்டிய சுவடிகளில் ஒரு பகுதி இங்குள்ளது. கொரியாவில் 1402இல் உருவான உலகப்படத்தின் பழம்பிரதி ஒன்றும் நூலகத்தில் உண்டு. 2011இல் திறந்த அருங்காட்சியகத்தில் பெசெக்லிக் குகைச் சுவரோவியங்கள் உண்மை அளவில் மீட்டுருவாக்கப்பட்டுள்ளன.

பாடப்பிரிவுகள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1949இல், பல்கலைக்கழகம் இலக்கியப் புலத்துடன் புதிய கல்வி முறைக்கு மாறியது. ஃபுகாகுசா வளாகத்தில் பொருளியல் (1961), வணிக மேலாண்மை (1966), சட்டம் (1968) ஆகிய புலங்கள் சேர்ந்தன. ஷிகா மாநிலத்தின் செத்தா வளாகம் 1989இல் அறிவியல் தொழில்நுட்பம், சமூகவியல் ஆகியவற்றுடன் தொடங்கியது. 2015இல் வேளாண்மையும் அங்கு வந்தது. உளவியல் 2023இல் தனிப் புலமாயிற்று.

ஜோடோ ஷின்ஷூ பௌத்தமும் பொதுப் பௌத்தவியலும் இலக்கியப் புலத்தில் தனித்தனித் துறைகள். 2009இல் தொடங்கிய நடைமுறை ஷின்ஷூ முதுநிலைப் பள்ளி, மருத்துவமனைகளிலும் பேரிடர்ப் பகுதிகளிலும் துணைநிற்கும் சமயப் பணியாளர்களை உருவாக்குகிறது. எந்தப் புலத்தில் சேர்ந்தாலும் பௌத்தச் சிந்தனைப் பாடம் கட்டாயம்.