எல்லைக் கோடும் மக்கட் செறிவும்

ஒரு நாட்டில் ஒரு மொழியினர் எத்தனை பேர் என்று கேட்பது எளிது. அவர்கள் எங்கே, எவ்வளவு நெருங்கி வாழ்கின்றனர் என்று கேட்பதே அரிது. முன்னதற்கு எண் விடை தரும். பின்னதற்குத் தேசப்படமே விடை தரவேண்டும். பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தம் குழந்தை எந்த மொழியில் எழுத்தறியும் என்பதும் அதனைப் பொறுத்ததே.

திருவனந்தபுரத்துப் பழவங்காடியை எடுத்துக்கொள்வோம். ‘அங்காடி’ என்னும் பழந்தமிழ்ச் சொல் அவ்வூர்ப் பெயரிலேயே நிற்கிறது. கணபதி கோயிலுக்கு ஒருபுறம் கோட்டையும் அதனுள் அக்கிரகாரங்களும். மறுபுறம், திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் வளர்ந்த சாலைக் கடைத்தெரு. வணிகராகவும் அலுவலராகவும் வந்த தமிழர் இங்குப் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். தெருவில் நடப்பவர் செவிக்குத் தமிழ் தெளிவாகக் கேட்கும். மாவட்டக் கணக்கைப் புரட்டுபவர் கண்ணுக்கோ அது சிறியதொரு விழுக்காடாக மட்டுமே தோன்றும்.

திருவிதாங்கூரில் முறையான குடிக்கணக்கு 1875-இல் எடுக்கப்பட்டது. அதன் அறிக்கையை அளித்தவர் நாகமையா. சமஸ்தானத்தின் மக்கள் தொகை அன்று சுமார் 23 லட்சம். அக்கணக்குகளின் வழிவந்த எண்களே பிற்காலத்தில் எல்லை வழக்கிற்குச் சான்றுகளாயின. பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு 1955-இல் தன் அறிக்கையைத் தந்தபோது, வாதம் பெரும்பாலும் தாலுகா வாரியாகவே நடந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தேவிகுளத்தில் தமிழர் பெரும்பான்மையர் எனினும், அவர்கள் தோட்டத் தொழிலுக்கு வந்து செல்வோர் என்று குழு கருதியது. பழவங்காடித் தமிழரின் செறிவோ எந்தத் தாலுகாக் கணக்கிலும் தலைதூக்கவில்லை.

இக்குறையை நீக்கவல்ல முறையொன்று தேசப்படக் கலையில் வளர்ந்து வந்தது. 1830-இல் பிரான்சில் மோன்டிசோன் என்பார், பத்தாயிரம் பேருக்கு ஒரு புள்ளியெனக் குறித்துத் தம் நாட்டின் படத்தை வரைந்தார். ஆயின் ஒவ்வொரு மாவட்டத்திலும் புள்ளிகளைச் சமமாகவே தூவினார். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்னோ ஒவ்வொரு சாவையும் அது நிகழ்ந்த வீட்டருகே குறித்தார். குறிகள் பிராட் தெருக் குழாயைச் சுற்றி நெருங்கி நின்றன. நோயின் ஊற்று புலனாயிற்று. புள்ளி தன் உண்மையான இடத்தில் நிற்கும்போதுதான் அது பேசுகிறது.

இன்று அப்புள்ளிகளைக் கணிப்பொறியின் தேசப்பட மென்பொருள் செறிவுப் பரப்பாக மாற்றுகிறது. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் விழும் புள்ளிகளை எண்ணி, வட்டத்தின் பரப்பால் வகுக்கிறது. 1956-இல் ரோசன்பிளாட்டும் 1962-இல் பார்சனும் தந்த கணித அடிப்படையில், அருகிலுள்ள புள்ளிக்கு மிகுந்த எடையும் தொலைவிலுள்ளதற்குக் குறைந்த எடையும் தரும் முறையும் உண்டு. மொழிவழி மாநிலங்கள் பிறந்த ஆண்டிலேயே இக்கணிதமும் அச்சேறியது என்பது நினைவுகூரத் தக்கது.

ஆனால் வட்டத்தின் ஆரத்தைத் தேர்பவர் மனிதரே. ஒரு கடைத்தெருவைச் சுற்றிக் கால் கிலோமீட்டருக்குள் 157 தமிழ்க் குடும்பங்கள் வாழ்வதாகக் கொள்வோம்; அதற்கு அப்பால் எவருமில்லை. ஆரம் கால் கிலோமீட்டராயின், வட்டத்தின் நடுவில் செறிவு சதுரக் கிலோமீட்டருக்குச் சுமார் 800. ஒரு கிலோமீட்டராயின் 50. நான்கு கிலோமீட்டராயின் 3. குடும்பங்கள் அவையே, வீடுகளும் அவையே. அளவுகோல் மாறியதால் ஒரு குன்று சமவெளியாயிற்று. தாலுகா விழுக்காடும் இத்தகைய ஓர் அகன்ற வட்டமே என்று சொன்னால் தவறாகாது.

எல்லையோரத்தில் மற்றோர் இடர் உண்டு. பாறசாலை கேரளத்தில் உள்ளது. அதனை அடுத்த களியக்காவிளை தமிழ்நாட்டில் உள்ளது. கேரளத்துப் புள்ளிகளை மட்டும் கொண்டு செறிவு கணக்கிட்டால், பாறசாலையில் போடும் வட்டத்தின் ஒரு பகுதி வெறுமையாகிவிடும். எல்லையை நெருங்க நெருங்கத் தமிழ் மெலிவதாகப் படம் காட்டும். அது நிலத்தின் குற்றமன்று. கணக்கு கோட்டோடு நின்றுவிட்டதன் விளைவு.

இனி, நம் காலத்துத் தேவைக்கு வருவோம். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யவேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. அது 1956-இல் சேர்க்கப்பட்டது. பள்ளி முழுவதிலும் 40 மாணவர், அல்லது ஒரு வகுப்பில் 10 மாணவர் இருப்பின் ஆசிரியரை நியமிக்கவேண்டும் என்று மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு 1949-இலேயே முடிவு செய்தது. இந்த நாற்பது பேர் நகர் முழுவதும் சிதறிக் கிடந்தால் பள்ளி அமையாது. ஒரு குழந்தை நடந்துவரும் தூரத்திற்குள் இருந்தால் அமையும். ஆகவே இங்கு ஏற்ற ஆரம் மாவட்டமன்று, தாலுகாவுமன்று. ஒரு சிறுவனின் காலடித் தூரமே.

மும்பையின் மாதுங்காவிலோ தில்லியின் கரோல்பாகிலோ வாழும் தமிழர்கள், ‘நாம் நூற்றுக்கு எத்தனை பேர்?’ என்று கேட்டு மனம் தளரவேண்டியதில்லை. தம் தெருக்களின் படத்தில் பள்ளி செல்லும் குழந்தை உள்ள வீடுதோறும் ஒரு புள்ளி இடட்டும். எந்த ஆரத்தை, எக்காரணத்தால் கொண்டனர் என்பதையும் அதன் கீழ் எழுதட்டும். காரணம் சொல்லும் அளவுகோலே நேர்மையான அளவுகோல். அத்தகைய படத்தோடு வைக்கும் கோரிக்கையை எளிதில் புறந்தள்ள இயலாது.