ஊவாத் தோட்டங்களின் நிழற்படங்கள்: உரிமை எவர்க்குரியது?

மலையக மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு நிழற்படம் இன்றியமையாத சான்றாகும். தன் வாழ்வைத் தானே எழுதிவைக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட வர்க்கத்தின் முகம் அதிலேயே எஞ்சியுள்ளது. ஆயின் அம்முகத்தின் மீதான சட்ட உரிமை எவரிடம் இருந்தது என்னும் வினாவை நாம் ஈண்டு எழுப்ப விரும்புகின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன் முதலிய ஐரோப்பிய நிழற்பட நிலையங்கள் தோட்டக் காட்சிகளைப் பதிவுசெய்து விற்றன. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கினார். கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் அவரது தேயிலை விளம்பரங்களில் உலகெங்கும் சென்றது. அவள் பெயர் செல்லவில்லை.

1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் 1912இல் இலங்கைக்கும் உரியதாயிற்று. அதன்படி, படம் எடுக்கப்பட்டபோது மூலத்தகட்டின் சொந்தக்காரராய் இருந்தவரே அதன் ஆக்கியோனாகக் கருதப்பட்டார்; உரிமை 50 ஆண்டுகள் நிலைத்தது. படத்தில் நின்றவர்க்கு அதில் இடமில்லை. எனினும் ஒருவர் பணங்கொடுத்துத் தம் படத்தை எடுப்பித்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முதலுரிமை அவர்க்கே உரியது. இச்சட்டம் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவைச் சட்டம் வரும்வரை நீடித்தது.

இதன் விளைவு கசப்பானது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின், இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்த தொழிலாளி கடவுச்சீட்டுக்கெனப் பணங்கொடுத்துப் படம் எடுப்பித்தான். தன் முகத்தின் படத்துக்குச் சட்டம் அவனை உரிமையாளன் என ஏற்றது, அவன் நாட்டைவிட்டு நீங்குவதற்கென எடுத்த அப்படத்திலேயே!

இன்று மூலத்தகட்டின் இடத்தைப் படக் களஞ்சிய நிறுவனங்கள் பெற்றுள்ளன. 1995இல் தோன்றிய கெற்றி இமேஜஸ், மறு ஆண்டே பிரித்தானியாவின் ஹல்ற்றன் படத்தொகுப்பை வாங்கியது. சீனாவில் அதன் விநியோகஸ்தரான விஷுவல் சைனா குழுமம், 2019இல் கருந்துளையின் படத்துக்கும் தேசியக் கொடிக்கும் உரிமை கோரிக் கண்டனத்துக்குள்ளாகி மன்னிப்புக் கேட்டது. அமெரிக்கப் படப்பிடிப்பாளர் கரோல் ஹைஸ்மித், பொதுமக்களுக்கென நூலகத்துக்கு ஈந்த தம் படத்துக்கே 120 டொலர் கேட்கப்பெற்றார். அவர் 2016இல் தொடுத்த வழக்கின் பதிப்புரிமைக் கோரிக்கைகள் தள்ளுபடியாயின. கடிதம் அனுப்புவோர் உரிமையாளராய் இருத்தல் வேண்டும் என்பதில்லை. பிரதிநிதியாய் இருப்பதே போதும்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதையுண்டன. அத்துயரின் படங்களும் செய்தி முகவர் நிலையங்களின் களஞ்சியத்தைச் சேர்ந்தன. தம் உறவினரின் நினைவுமலரில் அவற்றை வெளியிட விரும்பும் அவ்வூரார், உரிமம் பெறவேண்டிய அந்நியராகின்றனர். படம் பிடித்தவரின் உழைப்புக்கு ஊதியம் வேண்டாம் என நாம் கூறவில்லை. உழைப்பின் பெயரால் உடைமை வசூலிக்கும் கட்டணத்தையே வினவுகின்றோம்.

ஆகவே இரு பணிகள் நம்முன் உள்ளன. பழம்படம் ஒன்றுக்குக் கட்டணம் கேட்கப்படின், அது எடுக்கப்பட்ட ஆண்டையும் உரிமைக்கான சான்றையும் முதலிற் கேட்டல் வேண்டும். 1900இல் எடுத்த படத்தின் உரிமை மேற்கூறிய சட்டப்படி 1950இலேயே முடிந்தது. மற்றது, பதுளை மாவட்ட லயங்களில் பெட்டியடியில் கிடக்கும் குடும்பப் படங்களை, உடையோரின் இசைவுடன், பெயரும் ஊரும் ஆண்டும் குறித்துத் தொகுத்தல். பெயரற்ற முகங்களுக்குப் பெயரை மீட்டளிப்பதே வரலாற்று மாணவரின் கடனாகும்.