ஊவாவின் தோட்டங்களும் பிரதேச சபைகளும்
பதுளை, பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளை மலைகளில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பரவியபோது, லயம், தண்ணீர்ப் பீலி, மருந்தகம், பாதை எல்லாம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாயின. தோட்ட அதிகாரியான துரையின் முடிவே அங்கு உள்ளூராட்சி. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்கங்களுக்கான வாக்குரிமையும் தோட்டத் தொழிலாளருக்குக் கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. குடியுரிமையும் வாக்கும் படிப்படியாகத் திரும்பின. பிரதேச சபைகளில் தோட்டத்தார் உறுப்பினர்களாகவும் அமர்ந்தனர். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாகவே பொருள்கொள்ளப்பட்டது. விசித்திரமான நிலை இது: தம்மைத் தெரிவுசெய்தவர்களின் லயத்துப் பாதையைச் செப்பனிட உறுப்பினர்களுக்கு வழியில்லை. நகர எல்லைக்குள் வாழ்ந்தோருக்குப் பதுளை மாநகர சபை இருந்தது. மலைக்கு மேலே வாழ்ந்தோர் கம்பனியையோ அமைச்சின் ஒதுக்கீட்டையோ நம்பியிருந்தனர்.

2018ஆம் ஆண்டின் திருத்தம் இத்தடையை நீக்கியது. தோட்ட முகாமையுடன் கலந்தாலோசித்து வீதி, கிணறு முதலிய பொது வசதிகளைச் செய்துகொடுக்கச் சபைகளுக்கு அதிகாரம் வந்தது. காணி மட்டும் இன்னும் பெரும்பாலும் கம்பனிகளின் குத்தகையிலேயே இருக்கிறது.